பணியிடமும் வாழிடமும்: இலண்டன் பெல்சைஸ் தீயணைப்பு நிலையத்தின் மரபும் மாறிய பயன்பாடும்

முன்னுரை

கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றைப் போன்றே நகர மக்களின் அன்றாடப் பாதுகாப்பிற்கென எழுந்த கட்டடங்களும் வரலாற்றுச் சான்றுகளாகும். இவ்வகைக் கட்டடங்களில் தீயணைப்பு நிலையம் தனித்தன்மை வாய்ந்தது. அது பணியிடமாகவும் வாழிடமாகவும் ஒருசேர விளங்கியது. இலண்டனின் வடமேற்குப் புறநகர்ப் பகுதியில் 1914–15ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட பெல்சைஸ் தீயணைப்பு நிலையம் இதற்குத் தக்க சான்றாகும். 2014இல் மூடப்பட்ட இந்நிலையம் பின்னர்த் தனியார் குடியிருப்பாக மாறியது. இம்மாற்றத்தில் எஞ்சியது எது, இழக்கப்பட்டது எது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

காப்பீட்டாரிடமிருந்து பொதுத்துறைக்கு

1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் இலண்டனில் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. அவை தத்தமக்கெனத் தீயணைப்புக் குழுக்களை வைத்துக்கொண்டன. அந்நிறுவனங்கள் பலவற்றின் குழுக்கள் 1833இல் ஒன்றிணைக்கப்பட்டு ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் இயங்கின. காப்பீட்டாரின் பணத்தில் நடந்த அமைப்பாதலின், காப்பீடு செய்யப்பட்ட சொத்துகள் மிகுந்த நகர மையத்திற்கே அது முதன்மை தந்தது. மையத்தைவிட்டு விலகிய குடியிருப்புகளுக்குப் போதிய காப்பு இல்லை.

1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் தூலித் தெருவின் பண்டகசாலைகளில் பற்றிய தீ இந்நிலையை மாற்றியது. அத்தீயில் சுவர் இடிந்து விழுந்து பிரெய்ட்வுட் உயிரிழந்தார். பேரிழப்புக்குள்ளான காப்பீட்டு நிறுவனங்கள் இப்பொறுப்பைத் தொடர்ந்து சுமக்க இயலாது என அரசிடம் தெரிவித்தன. இதன் விளைவாக 1865இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1866 முதல் தீயணைப்பு பொதுப்பணியாயிற்று. தீயிலிருந்து காக்கப்படுதல் காப்பீட்டுத் தொகை செலுத்தியவரின் தனியுரிமை என்ற நிலை மாறி, நகரவாசி ஒவ்வொருவரின் உரிமை என்ற நிலை உருவாயிற்று. புறநகர்த் தீயணைப்பு நிலையம் இக்கருத்து மாற்றத்தின் விளைவே ஆகும். ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் 1873இல் எழுந்த நிலையம் இதற்குத் தொடக்கக்காலச் சான்று. அதன் கோபுரம் இன்றும் மணிக்கூண்டாக நிற்கிறது.

நிலையத்திலேயே வாழ்ந்தோர்

புதிய படையின் தலைவரான எயர் மேசி ஷா, கப்பலில் பணியாற்றியவர்களையே பெரிதும் விரும்பிச் சேர்த்தார். இரவும் பகலும் விழித்திருந்து காவல் புரிவதும், பணியிடத்திலேயே தங்குவதும் மாலுமிகளுக்குப் பழகியவை. தீயணைப்பு வீரர்களும் சிறு விடுப்பு நீங்கலாக எந்நேரமும் பணிக்குரியவர்களாகவே கருதப்பட்டனர். மணமானோர் தம் மனைவி மக்களுடன் நிலையத்திலேயே குடியிருந்தனர். ஆகவே, நிலையத்தை வடிவமைப்பவர் வண்டிக்கூடத்தையும் கோபுரத்தையும் மட்டுமன்றிப் பல குடும்பங்களுக்கான வீடுகளையும் ஒரே கட்டடத்துள் அமைக்க வேண்டியிருந்தது.

1889இல் தோன்றிய இலண்டன் மாவட்ட மன்றம் இப்பணியைத் தன் கட்டடக்கலைப் பிரிவிடம் ஒப்படைத்தது. அப்பிரிவைச் சேர்ந்த சார்லஸ் கேனிங் வின்மில் (1865–1945) முன்னதாகப் பவுண்டரி குடியிருப்புத் திட்டத்தில் பணியாற்றியவர். சேரிகளை அகற்றி உழைக்கும் மக்களுக்கு வீடு கட்டித் தந்த அத்திட்டம் 1900இல் திறந்துவைக்கப்பட்டது. தொழிலாளர் வீட்டைச் சிந்தித்தவரே தீயணைப்பு நிலையத்தையும் சிந்தித்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. வில்லியம் மோரிஸ், பிலிப் வெப் ஆகியோர் 1877இல் நிறுவிய தொன்மைக் கட்டடப் பாதுகாப்புக் கழகத்திலும் வின்மில் ஈடுபாடு கொண்டிருந்தார்.

பெல்சைஸ் நிலையத்தின் தோற்றம் இவ்விரு ஈடுபாடுகளையும் காட்டுகிறது. கலை-கைவினை இயக்கப் பாணியில் அமைந்த அதன் செங்கற் சுவர்களும் செங்குத்தான ஓட்டுக்கூரையும் உயர்ந்த புகைபோக்கிகளும் சூழவுள்ள வீடுகளோடு இயைந்து நிற்கின்றன. கோபுரத்தையும் வண்டி வாயில்களையும் நீக்கிப் பார்ப்பின் அது ஒரு பெரிய இல்லமாகவே தோன்றும். அத்தோற்றம் வெறும் ஒப்பனையன்று. அது உண்மையிலேயே பலருக்கு இல்லமாக இருந்தது.

பயன்பாட்டின் படிப்படியான மாற்றம்

கட்டடம் நிறைவுற்ற சில ஆண்டுகளிலேயே அதன் அடிப்படைகள் மாறத்தொடங்கின. 1920இல் இரு குழுக்கள் மாறிமாறிப் பணிபுரியும் முறை நடைமுறைக்கு வந்தது. நிலையத்திலேயே குடும்பத்துடன் வாழவேண்டிய தேவை இதனால் தளர்ந்தது. 1921இல் இலண்டன் படையின் இறுதிக் குதிரை வண்டியும் ஓய்வுபெற்றது. தொலைபேசியும் தெருமுனை அபாய அறிவிப்புக் கருவிகளும் பரவியதால் கோபுரத்தில் நின்று புகையை நோக்கும் காவல் தேவையற்றதாயிற்று. நனைந்த நீர்க்குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்துதல், ஏணிப்பயிற்சி ஆகியவற்றிற்கே கோபுரங்கள் பின்னர்ப் பயன்பட்டன. இவ்வாறு நோக்குங்கால், 2014ஆம் ஆண்டின் மாற்றம் முதல் மாற்றமன்று என்பது புலனாகும். எனினும் முந்தைய மாற்றங்கள் அனைத்தும் தீயணைப்புப் பணிக்குள் நிகழ்ந்தவை.

மூடலும் வழக்கும்

2013இல் செலவுக் குறைப்பை முன்னிட்டு, பெல்சைஸ் உள்ளிட்ட 10 நிலையங்களை மூடும் திட்டம் முன்வைக்கப்பட்டது. தீ நிகழ்வுகள் குறைந்துவிட்டன என்றும், முதல் வண்டி சராசரியாக 6 நிமிடங்களிலும் இரண்டாம் வண்டி 8 நிமிடங்களிலும் சென்றடையும் இலக்கு இலண்டன் முழுமைக்கும் நிறைவேறும் என்றும் திட்டத்தை ஆதரித்தோர் வாதிட்டனர். நகர முழுமைக்குமான சராசரி, நிலையத்தை இழக்கும் பகுதியின் காத்திருப்பை மறைத்துவிடும் என எதிர்த்தோர் கூறினர். உள்ளாட்சி மன்றங்கள் சில தொடுத்த வழக்கு 2013 டிசம்பரில் தோல்வியுற்றது. 2014 ஜனவரி 9ஆம் நாள் 10 நிலையங்களும் மூடப்பட்டன. அவற்றுடன் 14 வண்டிகளும் 552 பணியிடங்களும் நீக்கப்பட்டன.

சட்டம் காத்ததும் காவாததும்

பெல்சைஸ் நிலையம் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடம். இதனால் அதனை இடிக்கவோ அதன் தன்மை கெடுமாறு மாற்றவோ தனி இசைவு வேண்டும். ஆனால் அங்கு நடைபெற்ற பணி தொடரவேண்டும் என இப்பாதுகாப்பு வலியுறுத்துவதில்லை. சுவர் காக்கப்பட்டது, பணி காக்கப்படவில்லை.

இதே மாவட்ட மன்றத்தால் 1901–02இல் கட்டப்பட்டு, இதே பாதுகாப்பைப் பெற்ற யூஸ்டன் நிலையம் இன்றும் தீயணைப்பு நிலையமாகவே இயங்குகிறது. பழைய கட்டடம் புதிய பணிக்குப் பொருந்தாது என்ற கூற்று எல்லா நிலையங்களுக்கும் பொருந்துவதன்று என்பதற்கு இதுவே சான்று. மறுபுறம், 1889இல் எழுந்த மான்செஸ்டர் சதுக்க நிலையம் 2005இல் மூடப்பட்டுப் பின்னர் விடுதியாக மாறியது. 2025 பிப்ரவரி 14ஆம் நாள் அவ்விடுதியில் தீப்பற்றியபோது, பிற நிலையங்களின் வண்டிகளே வந்து தீயை அணைத்தன.

பெல்சைஸ் நிலையம் குடியிருப்பானமை, கட்டட நோக்கில் மிகக் குறைந்த சிதைவை விளைவிக்கும் மாற்றம் எனலாம். தொடக்கத்திலேயே வீடுகளைக் கொண்டிருந்த கட்டடம் மீண்டும் வீடுகளாயிற்று. ஆனால் முன்னர் அங்குக் குடியிருந்தோர் அண்டை வீட்டாரைக் காக்கும் கடமையால் அங்கு வாழ்ந்தவர்கள். அவ்வீடு பணியின் பகுதியாக அவர்களுக்குக் கிடைத்தது. இப்போதைய வீடுகள் விலைக்குரியவை. பயன்பாட்டின் பெயர் ஒன்றே. அதன் பின்னிருந்த சமூக உறவு வேறு.

முடிவுரை

பெல்சைஸ் நிலையத்தின் மரபு அதன் செங்கல்லிலும் கூரையிலும் மட்டும் அடங்குவதன்று. காப்பீட்டாரின் சொத்துக் காவல் பொதுமக்களின் உரிமையாக மாறியதும், அவ்வுரிமையைக் காப்போர் மக்களிடையே குடும்பத்துடன் வாழ்ந்ததும் அம்மரபின் கூறுகளாகும். கட்டடத்தின் வடிவத்தை ஆவணப்படுத்தும் ஆய்வாளர், அங்கு யார் எக்கடமையின்பொருட்டு வாழ்ந்தனர் என்பதையும் உடன் ஆவணப்படுத்துதல் வேண்டும். அப்பதிவு இல்லையேல், வண்டி வாயில்களும் கோபுரமும் காலப்போக்கில் பொருள் விளங்காத அலங்காரங்களாகவே எஞ்சும்.