தொல்குடியினரும் மனித உரிமையும்

1923-ஆம் ஆண்டில், தம் மக்களின் பேரவை வழங்கிய கடவுச்சீட்டுடன் ஒரு தொல்குடித் தலைவர் ஜினீவா நகருக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் டெஸ்காஹே. கனடாவில் கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் ஆறு இனத்தார் கூட்டமைப்பில், கயூகா இனத்தைச் சேர்ந்தவர். தம் முன்னோர் பிரிட்டிஷ் மன்னருக்குத் துணைவராய் இருந்தனரேயன்றிக் குடிகளாய் இருந்ததில்லை. ஆதலின் தம்மைத் தாமே ஆளும் உரிமை தமக்கு உண்டு என்பதே அவர் வழக்கின் சாரம்.

அவ்வழக்கைச் சர்வதேச சங்கம் கேட்க வேண்டுமென்று பாரசீகம், எஸ்தோனியா, அயர்லாந்து, பனாமா ஆகிய நாடுகள் முயன்றன. பிரிட்டனின் எதிர்ப்பால் அம்முயற்சி பலிக்கவில்லை. 1924-இல் கனடா அரசு அம்மக்களின் பழைய பேரவையை அகற்றித் தான் வகுத்த தேர்தல் முறையைப் புகுத்தியது. மறு ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகர வானொலியில் டெஸ்காஹே தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார், ஜூனில் காலமானார்.

சங்கம் ஏன் செவிசாய்க்கவில்லை? அந்நாளைய சர்வதேசச் சட்டம் அரசுகளின் குரலையே கேட்டது. 1948-இல் வெளிவந்த உலக மனித உரிமைப் பிரகடனமோ தனிமனிதனை முன்நிறுத்தியது.

“மனிதர் அனைவருக்கும் உரிமை உண்டென்ற பின், தொல்குடியினருக்குத் தனிப் பாதுகாப்பு எதற்கு?” என்று நான் வரலாறு கற்பித்த நாட்களில் மாணவர் வினவுவதுண்டு. நல்ல வினா! வாக்குரிமையை ஒருவன் தனியே பெறலாம். ஆனால் பொதுவில் ஆண்டுவரும் காடும் ஆறும், பேசிவரும் மொழியும் ஒருவனுக்கு மட்டும் உரியவை அல்ல. அவை பறிபோனால், ஒவ்வொருவரும் வாக்குரிமையோடு வாழ்ந்திருப்பினும் அவ்வினம் அழிந்துபோகும்.

இவ்வுண்மையைச் சட்டம் மெல்லவே உணர்ந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1957-ஆம் ஆண்டு உடன்படிக்கை தொல்குடியினருக்குப் பாதுகாப்பு அளித்தது. எனினும் பெருஞ்சமூகத்தில் அவர்களைக் கரைப்பதே அதன் நோக்கம். 1989-இல் வந்த புதிய உடன்படிக்கை அந்நோக்கத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 1977-இல், தொல்குடிப் பிரதிநிதிகள் மீண்டும் ஜினீவாவில் கூடினர். முப்பது ஆண்டு முயற்சிக்குப் பின், 2007 செப்டம்பர் 13 அன்று, ஐக்கிய நாடுகள் சபை தொல்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 144 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை நான்கே: ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. பின்னர் அவையும் ஆதரவு தெரிவித்தன. 2021-இல் கனடா தன் சட்டங்களை அப்பிரகடனத்தோடு இசைவிக்கத் தனிச் சட்டமே இயற்றியது.

பிரகடனம் உடன்படிக்கையைப் போல் நாடுகளைக் கட்டுப்படுத்துவதன்று. அதை நடைமுறைக்குக் கொணர்வது அவ்வந்நாட்டின் பொறுப்பு. ஆயினும், கேட்கவே மறுக்கப்பட்ட குரல் சட்டத்தின் சொல்லாகிவிட்டது. அரசில்லாத மக்களுக்கும் உரிமை உண்டென்பதை உலகம் ஒப்ப எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின என்பதை நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும்.