டிசிக்கல்: பத்து எழுத்து, மூணு ஊமை, ஒரு பழைய நோய்

இன்னைக்கு ஒரு ஆங்கிலச் சொல்லைப் பத்தி த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பி, ஹெச், டி, ஹெச், ஐ, எஸ், ஐ, சி, ஏ, எல். முதல் நாலும் மெய்யெழுத்து. வாயால சொல்லும்போது அந்த நாலுல மூணு காணாமப் போயிடும். அகராதி சொல்ற உச்சரிப்பு 'டிசிக்கல்'. பொருள்: உடல் தேய்ஞ்சு உருகுற நோய் பிடித்த. நடைமுறையில, காசநோய் பிடித்த. நோயின் பெயர் 'தைசிஸ்'. அதிலிருந்து வந்த பெயரடை இது.

இப்போ டாக்டர்களே இதை அதிகம் எழுதுறதில்லை. எம்பிபிஎஸ்ல கண் மருத்துவம் படிக்கும்போது மட்டும் ஒரு இடத்துல எட்டிப் பார்க்கும்: 'தைசிஸ் பல்பை'. பலத்த அடிபட்டோ, கடும் அழற்சி வந்தோ பார்வை போன கண், நாளடைவில சுருங்கி உள்ளே போயிடும். அந்தக் கண்ணுக்குக் காசநோய் இருக்கணும்னு அவசியமில்லை. தேய்ஞ்சு போன கண், அவ்வளவுதான். சொல்லின் அசல் அர்த்தம் இன்னும் உயிரோட இருக்குற இடம் இது.

சரி, ஏன் இப்படி ஒரு ஸ்பெல்லிங்? தப்பு ஆங்கிலத்து மேல இல்ல. கிரேக்கத்துல இது ரெண்டே எழுத்து: 'ஃபை', 'தீட்டா'. ரோமானியர்கிட்ட அந்த எழுத்துகள் இல்லை. அதனால ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு எழுத்தா ஒட்டுப்போட்டாங்க. நாம 'ழ'வை ஆங்கிலத்துல இசட் ஹெச்னு எழுதுற மாதிரிதான். அப்புறம் லத்தீன் வழியா பழைய பிரெஞ்சுக்குப் போனப்போ, மக்கள் வாயில முன்பாதி உதிர்ந்துபோச்சு. இடைக்கால ஆங்கிலத்துல இது வெறும் 'டிசிக்'. டி எழுத்துல ஆரம்பிக்கிற சாதாரணச் சொல். பின்னால வந்த படிச்சவங்க, கிரேக்க மூலம் தெரியணும்னு உதிர்ந்த எழுத்தையெல்லாம் பொறுக்கி மறுபடி ஒட்டினாங்க. உச்சரிப்பு மட்டும் மாறவே இல்லை. இத்தாலிக்காரங்களும் ஸ்பெயின்காரங்களும் அந்த வம்பே வேண்டாம்னு இன்னைக்கும் 'டிசிகோ'ன்னே எழுதுறாங்க. எனக்கு அவங்க கட்சிதான் பிடிச்சிருக்கு.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கிரேக்க வினைச்சொல் 'ஃப்தினோ'. தேய்கிறேன், அழிகிறேன்னு அர்த்தம். இதுக்கு சமஸ்கிருதத்துல ஒரு ரத்த உறவு உண்டு. அதுதான் 'க்ஷி' என்ற வேர். அதிலிருந்து வந்தது 'க்ஷயம்'. நம்ம பாட்டிமார் காசநோயை 'சயரோகம்'னு சொன்னாங்களே, அதே க்ஷயம்தான். ரெண்டு மொழியும் ஒரே மூலத்துல பிரிஞ்சு, ஆயிரம் மைல் தள்ளிப்போய், ஒரே நோய்க்கு ஒரே வேரிலிருந்து பெயர் வச்சிருக்கு.

இதுக்கு எதிர்ச்சொல்லும் நமக்குத் தெரியும். க்ஷயம் இல்லாதது அக்ஷயம். அட்சய பாத்திரம், அட்சய திருதியை எல்லாம் அதுதான். தேயாதது. கிரேக்கத்துலயும் அதே மாதிரி முன்னால ஒரு 'அ' போட்டா 'ஆஃப்திடோன்'. ஹோமரோட இலியட்ல, அழியாத புகழைப் பத்திப் பேசும்போது அக்கிலிஸ் சொல்ற சொல் அது. ரிக் வேதத்துலயும் அழியாத புகழுக்கு இதே ஜோடிச் சொற்கள் வருதுன்னு 1853-லேயே ஜெர்மன் அறிஞர் அடல்பர்ட் கூன் சுட்டிக்காட்டினார். ஆக, நகைக்கடை வாசல்ல வரிசையில நிக்கிற நாளும், வார்டுல எலும்பும் தோலுமா படுத்திருக்கிறவரோட நோயும் ஒரே வேர்ச்சொல்லின் ரெண்டு கிளை.

மருத்துவத்துக்கு வருவோம். ஹிப்போகிரேட்டஸ் பெயரில் இருக்கிற நூல்கள்லயே தைசிஸ் உண்டு. பெரும்பாலும் 18 வயசுல இருந்து 35 வரைக்கும் வருதுன்னு எழுதியிருக்காங்க. உழைக்கிற வயசு, பிள்ளை பெத்துக்கிற வயசு.

ஆனா 'தேய்மானம்'னு பேர் வச்சதுல ஒரு சிக்கல். தேயுறதெல்லாம் அந்தக் கூடைக்குள்ள விழும். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689-ல் 'தைசியோலஜியா'னு ஒரு பெரிய நூலே எழுதினார். அதுல நுரையீரல் நோயாளிகளோடு, காய்ச்சலும் இருமலும் இல்லாம, சாப்பிடாமலே எலும்புக்கூடா போன 18 வயசுப் பொண்ணும் இருக்கா. இன்னைக்கு நாம அதை அனோரெக்ஸியா நெர்வோசானு சொல்வோம். அந்த நோயின் முதல் மருத்துவப் பதிவே காசநோய்ப் புத்தகத்துக்குள்ளதான் இருக்கு!

அதைவிடப் பெரிய சிக்கல், 'டிசிக்கல்' என்பது நோயிலிருந்து நகர்ந்து மனுஷன் மேல ஒட்டிக்கிட்டது. நீண்ட கழுத்து, ஒடுங்கின மார்பு, றெக்கை மாதிரி துருத்தின தோள்பட்டை எலும்பு இருந்தா 'டிசிக்கல் உடல்வாகு'ன்னு எழுதுனாங்க. பிறவியிலேயே வர்றது, குடும்பத்துல ஓடுறது. இங்கிலாந்துல பெரும்பாலான டாக்டர்கள் அப்படித்தான் நம்பினாங்க.

கவிஞர் ஜான் கீட்ஸ் இதுக்கு நடுவுல மாட்டினவர். அவர் மருத்துவம் படிச்சவர், 1816-ல் லைசென்ஸ் வாங்கினவர். தம்பி டாம் காசநோயில கிடந்தப்போ பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டார். 1818-ல் தம்பி போனான். 1820 பிப்ரவரியில் தான் இருமின ரத்தத்தோட நிறத்தைப் பார்த்ததுமே தன் கதை முடிஞ்சதுன்னு கீட்ஸுக்குப் புரிஞ்சிடுச்சு. தம்பிகிட்ட இருந்து ஒட்டியிருக்கும்னு சொல்ல அன்னைக்கு இங்கிலாந்துல ஆள் குறைவு. அடுத்த வருஷம் ரோமில் இறந்தார், வயசு 25. இத்தாலியில நம்பிக்கை வேற. அங்க இது தொற்றுநோய். சட்டப்படி அவர் அறையில் இருந்த சாமான்களை எரிச்சுட்டாங்க. ஒரே நோய், ஒரே சொல், ரெண்டு நாட்டில் ரெண்டு தீர்ப்பு.

1865-ல் பிரெஞ்சு மருத்துவர் வில்லமென், நோயாளியின் திசுவை முயலுக்குச் செலுத்தி நோய் பரவுறதைக் காட்டினார். 1882 மார்ச் 24-ல் பெர்லினில் ராபர்ட் கோக் கிருமியையே காட்டினார். அதுக்கப்புறம் 'டிசிக்கல்' மெல்ல மங்கி, 'டியூபர்குலஸ்' முன்னுக்கு வந்தது. முதல் சொல் ஆளைப் பத்திப் பேசினது. ரெண்டாவது திசுவில் இருக்கிற சின்ன முடிச்சைப் பத்திப் பேசுது.

தமிழ்லயும் இப்படி ஒரு நகர்வு நடந்திருக்கு பாருங்க. எலும்புருக்கி, க்ஷயம் இதெல்லாம் தேய்மானத்தைச் சொல்ற பேர். 'காசம்' என்றால் இருமல். காசநோய்னு சொல்லும்போது கவனம் இருமலுக்குப் போயிடுது. டாக்டரா எனக்கு அதுதான் வசதி. தேய்ஞ்சு முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாமே.

ஆனா பழைய நம்பிக்கை சொல்லோட போகல. "எங்க பரம்பரையிலயே இது இல்லையே டாக்டர்"னு ஓபியில கேட்காத மாசம் இல்லை. வீட்டுக்குத் தெரியாம மாத்திரை சாப்பிடுற புதுப்பொண்ணுங்க இருக்காங்க. தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிடுவாங்கன்னு பயம். தட்டுல, டம்ளர்ல பரவுற நோய் இல்லை இது, காத்துல பரவுறது. சரியான மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலானவங்ககிட்ட இருந்து பரவுறது சீக்கிரமே நின்னுடும்.

இதை உலகத்துக்கு நிரூபிச்சதுல சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் இங்கே ஆரம்பிச்ச காசநோய் ஆய்வு மையத்துல, நோயாளிகளை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதி சானடோரியத்துல, நல்ல சாப்பாடு, ஓய்வோட. இன்னொரு பாதி சொந்த வீட்டுல, நெரிசல், வறுமையோட. ரெண்டு பேருக்கும் அதே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வந்தது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுல வச்சுப் பார்த்ததால குடும்பத்துக்கு நோய் கூடுதலா வரவும் இல்லை. சானடோரியங்களோட காலம் முடிய இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கு இந்தியாவில் யாருக்குக் காசநோய் உறுதியானாலும், அரசு இணையதளத்துல பதிவு செய்யணும். 2012-ல் ஆரம்பிச்சது. சத்துணவுக்காக மாசம் 500 ரூபாய் 2018-லிருந்து அதன் வழியாத்தான் போச்சு, 2024 நவம்பர்லிருந்து 1000. அந்தத் தளத்தோட பேர் 'நிக்ஷய்'. க்ஷயம் இல்லாமல் ஆக்குறது. கிரேக்கக்காரன் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின சொந்தக்காரனை அடையாளம் கண்டுபிடிச்சிருப்பான்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிப் பரிசோதனை பண்ணிக்கோங்க. அரசு மருத்துவமனையில பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.