உங்கள் ஏஐ ஏஜென்ட் எந்த லிட்டில் இந்தியாவை ஞாபகம் வைத்திருக்கிறது?

"என் கடை லிட்டில் இந்தியாவுல இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்று ஏஐ ஏஜென்டிடம் சொல்கிறீர்கள். அதுவும் 'லிட்டில் இந்தியா' என்றே குறித்துக்கொள்கிறது. இரண்டு வாரம் கழித்து ஓர் ஆர்டர் போடச் சொன்னால், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு வர வேண்டிய பெட்டி பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனுக்குப் போய்விடலாம். இரண்டுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்!

இப்படி நடந்தால், முதலில் பார்க்க வேண்டியது டூல் விளக்கத்தை.

டூல் விளக்கம் என்றால் என்ன?

ஏஜென்ட் என்பது பேசுவதோடு நிற்காமல் வேலையும் செய்யும் ஏஐ. ஆர்டர் போட ஒரு டூல், தகவலைச் சேமிக்க இன்னொரு டூல் என்று அதற்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், நிரப்ப வேண்டிய விவரங்களின் பட்டியல் இருக்கும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் இதே அமைப்புதான்.

டூலுக்குள் இருக்கும் நிரலை ஏஐ பொதுவாகப் பார்ப்பதில்லை. எந்த டூலை எப்போது எடுப்பது என்பதை இந்தச் சில வரிகளை வைத்துத்தான் முடிவு செய்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி.

நினைவகம் இருந்தால் ஏன் கூடுதல் கவனம்?

சாதாரண உரையாடலில் நடக்கும் தவறு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சேமித்த தவறு அப்படியல்ல. யாராவது திருத்தும் வரை ஒவ்வொரு முறையும் திரும்ப வரும்.

எப்படி எழுதலாம்?

போதாத விளக்கம்: "பயனர் தகவலைச் சேமிக்கும்."

தெளிவான விளக்கம்: "பயனர் தானே சொன்ன, அடுத்த முறையும் தேவைப்படும் தகவலை மட்டும் சேமிக்கவும். இடம் என்றால் சாலை, ஊர், அஞ்சல் குறியீடு வேண்டும். இல்லையென்றால் பயனரிடம் கேட்கவும். 'நாளைக்கு' என்று எழுதாமல் முழுத் தேதியை எழுதவும். அதே விவரம் ஏற்கெனவே இருந்தால் பழையதைத் திருத்தவும். அடையாள அட்டை எண், கடவுச்சொல் ஆகியவற்றைச் சேமிக்கக் கூடாது."

'நாளைக்கு' என்பதற்கு இன்று அர்த்தம் உண்டு. பத்து நாள் கழித்துப் படித்தால் அது எந்த நாள்?

அடையாள அட்டை எண்ணை ஏன் தவிர்க்க வேண்டும்?

மைகாட்டின் 12 இலக்கங்களில் முதல் 6 உங்கள் பிறந்த தேதி. மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நடவடிக்கைகளில் பெறும் தனிப்பட்ட தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பை 2024 திருத்தம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது.

விளக்கம் மட்டும் போதுமா?

போதாது. விளக்கம் ஓர் அறிவுறுத்தல்தான், பூட்டு அல்ல. ஏஐ அதை மீறிவிடலாம். அதனால் அடையாள அட்டை எண் போன்றவற்றை நிரலிலேயே தடுக்க வேண்டும். சேமித்ததைப் பயனர் பார்க்கவும் அழிக்கவும் வழி இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சின்னச் சோதனை. விளக்கத்தை மட்டும் நண்பரிடம் கொடுத்து, "என் கடை லிட்டில் இந்தியாவுல இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "எந்த லிட்டில் இந்தியா, கிள்ளானா பிரிக்ஃபீல்ட்ஸா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், விளக்கம் சரியாக இருக்கிறது.