தரையில் மோதும் வானூர்திகள்: திருவனந்தபுரத்து ஓடுபாதையை முன்வைத்து

1935 நவம்பர் 1 அன்று, ‘அஞ்சல்’ எனப் பெயர்பெற்ற திருவிதாங்கூர் அரசின் தபால் துறைக்குரிய கடிதங்களைச் சுமந்துகொண்டு டாடா நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. சரியாக 21 ஆண்டுகளுக்குப் பின், 1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூரின் தென்பகுதி இரண்டாகப் பிரிந்தது. விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குச் சென்றது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. ஆயினும் எல்லையின் இருபுறத்து ஊர்களுக்கும் அண்மையிலுள்ள விமான நிலையம் இன்றும் அந்த ஒன்றே.

அந்நிலையத்தின் வரலாறு பெரும்பாலும் கோத வர்ம ராஜாவின் முயற்சியாகவும் முதல் பறத்தலின் பெருமையாகவும் எழுதப்படுகிறது. விமானம் மேலெழுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் தரையில் ஊர்ந்து செல்லும் நேரம் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ‘டாக்ஸியிங்’ எனப்படும் இத்தரைநகர்வு உலகெங்கும் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. அவ்விபத்துகளின் வரலாறு, காணமுடியாமையின் வரலாறு என்றே சொல்லத்தக்கது.

முதற்காலத்தில் தடையாக இருந்தது விமானத்தின் உடலே. 1930-களின் சிறு விமானங்களுக்கு முன்புறம் இரு சக்கரங்களும் வாலடியில் ஒரு சிறு தாங்கியும் இருந்தன. தரையில் நிற்கையில் வால் தாழ்ந்து மூக்கு உயர்ந்திருக்கும். விமானிக்கு நேர்முன்னே உள்ளது தெரியாது. ஆகவே வலமும் இடமுமாக வளைந்து வளைந்து செலுத்தி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தே முன்னேற வேண்டியிருந்தது. டைகர் மாத் போன்ற விமானங்களில் சக்கரத் தடையும் இல்லை. காற்று வலுத்தால் ஆட்கள் இறக்கை நுனியைப் பிடித்தபடி உடன் நடந்தனர். அக்காலத்தில் கண்ணும் காலடியுமே பாதுகாப்பு.

பின்னர் மூன்றாம் சக்கரம் மூக்கின் கீழ் வந்தது, பார்வை திறந்தது. ஆனால் நிலையங்கள் விரிந்து போக்குவரத்து பெருகியதும் கண்ணின் இடத்தை வானொலிச் சொல் பிடித்தது. சொல் தவறும்போது முதலில் மறைந்துபோவது சிறு விமானமே. 1991 பிப்ரவரி 1 இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் ஓடுபாதையில் புறப்பாட்டு அனுமதிக்காகக் காத்திருந்த மெட்ரோலைனர் ஒன்றின் மீது, அதே ஓடுபாதையில் இறங்க அனுமதி பெற்ற போயிங் 737 வந்து மோதியது. சிறு விமானத்தின் விளக்குகள் ஓடுபாதை விளக்குகளோடு கலந்துபோயின. அதிலிருந்த 12 பேரும் மாண்டனர்.

இவற்றுள் மிகுந்த படிப்பினை தருவது மிலான் நகரின் லினாட்டே விபத்து. 2001 அக்டோபர் 8 காலை, அடர்ந்த மூடுபனியில், ஒரு சிறு செஸ்னா ஜெட் R5 என்னும் பாதையில் செல்லுமாறு பணிக்கப்பட்டது; அது R6-இல் திரும்பி ஓடுபாதையைக் குறுக்கிட்டது. வழியில் தரையில் கண்ட S4 என்னும் குறியை விமானி வானொலியில் அறிவித்தார். அப்படியொரு குறி இருப்பதையே கட்டுப்பாட்டாளர் அறிந்திருக்கவில்லை. தரை ரேடாரும் இயக்கத்தில் இல்லை. மேலெழுந்துகொண்டிருந்த எம்.டி.-87 விமானம் செஸ்னாவில் மோத, 118 பேர் இறந்தனர். தரையில் எழுதப்பட்டிருந்த பெயரும் அதிகாரியின் கையிலிருந்த வரைபடமும் வெவ்வேறாயிருந்ததே இங்கு அடிப்படைக் குறை. வரைபடத்தில் ஒரு கோடு விழுந்ததால் ஒரே நிலம் இரு நிர்வாகங்களுக்குள் வந்ததைக் கண்ட எல்லை ஊர்களுக்கு, குறியும் நிலமும் பொருந்தாமையின் விளைவு புதிதன்று.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேதாவில் கடலோரக் காவற்படையின் சிறு விமானம் ஓடுபாதையில் நின்றபோது, தரையிறங்கிய ஏர்பஸ் ஏ350 அதில் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினர். சிறு விமானத்தின் 6 பேரில் 5 பேர் இறந்தனர். இந்தியாவிலும் இத்தகைய நெருக்கடி அறியாததன்று: 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்படக் காத்திருந்த விமானத்தின் இறக்கையை மற்றொரு பயணிகள் விமானத்தின் இறக்கை உரசியது. உயிர்ச்சேதமின்றி முடிந்தது.

திருவனந்தபுரத்தில் இன்றும் ஓடுபாதை ஒன்றே. வளைகுடாவிலிருந்து வரும் பெரிய ஜெட்டுகள் இறங்கும் அந்நிலையத்திலேதான் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் சிறு செஸ்னாக்களில் பயில்கின்றனர். ஓடுபாதையின் எல்லையில் நிற்கச் சொன்னால் அச்சொல்லை விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்ற விதியும், மஞ்சள் கோடுகளும், சிவப்பு நிறுத்த விளக்குகளும் ஓடுபாதைக்கு வெளியே இருக்கவேண்டியது உள்ளே வந்துவிடாமல் காப்பதற்காகவே உள்ளன. நிறுத்தக் கோட்டின் முன் நிற்கும் மாணவருக்கு இவை வெறும் பாடமாகத் தோன்றக்கூடும். ஆனால் மேற்கண்ட ஒவ்வொரு விபத்திலும் சிறு விமானத்தைப் பெரிய விமானம் காணத் தவறியது. சொல்லோ குறியோ விளக்கோ பிழைத்த அக்கணத்தில், இழப்பின் பெரும்பங்கு சிறியதற்கோ அதன் தவறறியாத பிறருக்கோ வந்து சேர்ந்தது. வான்பயண வரலாற்றை எழுதுவோர் முதல் பறத்தலின் நாளைக் குறிப்பதோடு, ஓடுபாதை விளிம்பிலுள்ள அந்த மஞ்சள் கோடு எவ்விழப்புகளுக்குப் பின் அழுத்தமாக வரையப்பட்டது என்பதையும் குறிப்பது தகும்.