பெட்ரோல் ஜீப், டீசல் ஜீப் ஆன கதை

திருத்தணி, அரக்கோணம் பக்கம் பழைய ஜீப் கண்ணில் பட்டால் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பேன். உள்ளே அசல் ஹரிக்கேன் எஞ்சின் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் இருக்காது.

மஹிந்திரா 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. பிறகு வந்த ஹரிக்கேன், 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கூடவே மூணு கியர். 1973-ல் எண்ணெய் விலை எகிறினதும் அது யானையைக் கட்டித் தீனி போடற கதை ஆச்சு. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் தயாரித்த பெர்க்கின்ஸ் டீசலோ கைக்கெட்டும் தூரத்தில்.

ஆனா எஞ்சினை மட்டும் மாத்தினா வேலை முடியாது. ஹரிக்கேன் 4,000 சுற்று வரை போகும். கனத்த டீசல் அதுக்கு ரொம்ப முன்னாடியே மூச்சு வாங்கும். அச்சில் பழைய 5.38 பல்விகிதம் அப்படியே இருந்தா, 2,300 சுற்றில் டாப் கியரில் சுமார் 60 கி.மீ.தான் (என் கணக்கு). மலைக்கோயில் ஏற்றத்துக்குப் போதும், திருப்பதி ரோட்டுக்குப் போதாது. 1980களில் வந்த எம்.எம். 540-ல் 2,112 சிசி பிஜோ டீசலோடு நாலு கியர் பெட்டியும் இருந்தது.

இப்ப மாத்தறவங்களுக்கு நான் சொல்றது அந்த ஜோடியைத்தான். அதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1-ல்; அதற்கு முந்தைய வண்டின்னா சித்தூர் பதிவாக இருக்கலாம். எஞ்சின் எண்ணும் எரிபொருளும் அதில் மாறாம வண்டியை ரோட்டில் இறக்காதீங்க.