விழுங்கியும் சாகாத கிருமி: மாண்ட்ரியலின் காசநோய் ஆய்வு

உடலுக்குள் நுழைந்த கிருமியின் மேல் பிறபொருளெதிரிகளும் கம்ப்ளிமென்ட் புரதங்களும் வந்து ஒட்டுகின்றன. விழுங்கணுக்கள் அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிருமியை எளிதாக உள்ளே இழுக்கின்றன. 1903இல் லண்டனில் ஆல்ம்ரோத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும் இதைக் கண்டார்கள். இரத்தநீர் நீக்கிக் கழுவிய வெள்ளையணுக்கள் கிருமிகளை அதிகம் தொடவில்லை. இரத்தநீரைச் சேர்த்ததும் வயிறு நிறைய விழுங்கின. இரத்தநீரில் இருந்த அந்தப் பொருளுக்கு ஆப்சொனின் என்று பெயரிட்டார்கள்.

காசநோயாளிகளுக்கு காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த ட்யூபர்குலின் ஊசியின் அளவைத் தீர்மானிக்க ரைட் இந்த அளவீட்டையே நம்பினார். ஓர் அணுவுக்குள் எத்தனை கிருமி என்று நுண்நோக்கியில் எண்ணும் வேலை அது. முறை நெடுநாள் நிலைக்கவில்லை. எண்ணுவதில் நேர்ந்த பிழைகள் ஒருபுறம். காசநோய்க் கிருமியின் இயல்பு மறுபுறம். விழுங்கப்படுவது அதற்கு முடிவல்ல. பெருவிழுங்கணுவுக்குள் தன்னைச் சூழ்ந்த பை, செரிக்கும் நொதிகள் நிறைந்த பையோடு இணையாமல் தடுத்து, அங்கேயே அது பெருகுகிறது. விழுங்கிய கிருமியைக் கொல்லும் இந்த இரண்டாவது கட்டத்தை அறிவதில் மாண்ட்ரியல் நகரின் பங்கு பெரிது.

கால்மெட், கெரேன் இருவரும் லில் நகரில் வலுவிழக்கச் செய்த பிசிஜி கிருமி, தடுப்பூசியாக 1926 முதலே மாண்ட்ரியல் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்த ஆர்மான் ஃப்ராப்பியே, 1938இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல், சுகாதார நிறுவனத்தைத் தொடங்கி அந்தத் தடுப்பூசியை அங்கேயே தயாரித்தார். நிறுவனம் பின்னர் அருகிலுள்ள லவாலுக்குப் பெயர்ந்தது.  1949 முதல் 1970களின் நடுப்பகுதி வரை கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் பிசிஜி போடப்பட்டது. வட அமெரிக்காவில் இது விதிவிலக்கு. அண்டை நாடான அமெரிக்கா இதைப் பொதுத் திட்டமாக ஏற்கவேயில்லை. 1926 முதல் 1992 வரையிலான தடுப்பூசிப் பதிவுகள் இன்றும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. பிசிஜி பழக்குவது முக்கியமாக டி-அணுக்களை. அவை அனுப்பும் சமிக்ஞைதான் பெருவிழுங்கணுவை முடுக்கி, உள்ளே ஒளிந்த கிருமியைக் கொல்லச் செய்கிறது.

பெருவிழுங்கணு தானாகவே எப்படிக் கொல்கிறது என்ற கேள்வியை மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எமில் ஸ்காமெனேயும் ஃபிலிப் க்ரோவும் எடுத்துக்கொண்டார்கள். பிசிஜியை ஊசியில் ஏற்றினால் சில வகைச் சுண்டெலிகளில் அது பெருகும், சிலவற்றில் அடங்கும். வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே மரபணு. சால்மொனெல்லாவின் ஒரு வகையையும், காலா அசார் நோயின் ஒட்டுண்ணியையும் அதுவே கட்டுப்படுத்தியது. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்ல்ஸ் டோனவன் கண்டதால் அவர் பெயரைத் தாங்கும் ஒட்டுண்ணி இது. இதுவும் விழுங்கணுவுக்குள் வாழ்வதே. 1993இல் சில்வியா விடால், டேனியேல் மாலோ உள்ளிட்ட அவர்களது குழு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து என்ராம்ப்1 என்று பெயரிட்டது. அது உருவாக்கும் புரதம் பையின் சுவரில் அமர்ந்து, கிருமிக்கு இன்றியமையாத இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களை வெளியே கடத்திவிடுகிறது.

ஆனால் வீரியமுள்ள காசநோய்க் கிருமியிடம் எலிகளில் இந்த மரபணு எடுபடவில்லை என்று பிந்தைய சோதனைகள் காட்டின. மனிதரிலோ, 1998இல் காம்பியா நாட்டில் நடந்த ஆய்வு அதன் சில மாறுபாடுகளுக்கும் காசநோய்க்கும் தொடர்பு கண்டது.