சர்வாதிகாரி: எல்லை இழந்த ஒரு பட்டம்

ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தில் ஊர்க்கவுண்டனூர் என்று ஓர் ஊராட்சி உண்டு. பதவியின் பெயரே ஊருக்கும் பெயராகிவிட்டது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மரபில் ஊருக்குத் தலைமை ஊர்க்கவுண்டர். பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்குத் தலைமை நாட்டார். மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் போனால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று அந்த ‘நாடு’ இன்றும் ஊர்ப்பெயர்களில் நிற்கிறது.

இந்தப் பட்டங்களில் கவனிக்க வேண்டியது, எல்லை முன்னால் வந்துவிடுகிறது என்பது. ஊர்க்கவுண்டரின் சொல் ஊர் எல்லைவரை செல்லும். நாட்டாரின் சொல் நாட்டு எல்லைவரை செல்லும். இந்த மரபு குறையற்றது என்று சொல்ல மாட்டேன். ஊர்க்கூட்டத்தில் பெண்களின் குரலுக்கு இடம் கிடைப்பது அரிதாகவே இருந்திருக்கிறது. ஆனாலும் ‘உன் அதிகாரம் எதுவரை?’ என்ற கேள்விக்குப் பட்டத்திலேயே பதில் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாத ஒரு பட்டம் தமிழில் இருக்கிறது: சர்வாதிகாரி. எல்லை நிற்க வேண்டிய இடத்தில் ‘சர்வ’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எப்படி வந்தது, வழியில் எதையெல்லாம் இழந்தது என்று பார்ப்பது இன்றைய அரசியலுக்குத் தேவைப்படுகிறது.

முதலில் அதிகாரம். வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல் பாணினியின் இலக்கணத்தில் ஒரு கலைச்சொல். தலைமைச் சூத்திரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்தடுத்த சூத்திரங்களிலும் அதன் ஆணை செல்லும். குறித்த இடம் வந்ததும் நின்றுவிடும். அதற்குத்தான் அதிகாரம் என்று பெயர். தமிழுக்கு வந்தபோதும் அந்த வரையறையோடுதான் வந்தது. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரம். ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல். திருக்குறளில் 133 அதிகாரம். ஒவ்வொன்றும் பத்துக் குறளோடு முடிந்துவிடும். சிலம்பின் கதை சிலப்பதிகாரம் ஆயிற்று. அதில் தவறான தீர்ப்பு வழங்கிய பாண்டியன் அரியணையிலேயே உயிர்விடுகிறான். பிற்காலத்தில் அதிகாரம் ஆட்சிக்கும் அதிகாரி அரசு அலுவலருக்கும் பெயராயின. அப்போதும் அதிகாரி என்றால் ஒரு துறையையோ ஒரு பகுதியையோ பார்த்துக்கொள்பவர்தான்.

சர்வாதிகாரி என்ற பட்டமும் பழையதே. கல்ஹணரின் ராஜதரங்கிணி காட்டும் காஷ்மீரத்தில் ‘சர்வாதிகாரம்’ ஓர் உயர் பதவி. கர்நாடகத்து ஹொய்சளர் கல்வெட்டுகளில் ‘மகாபிரதான சர்வாதிகாரி’ என்று அமைச்சர்கள் வரிசையாக வருகிறார்கள். திருவிதாங்கூரில் ‘வலிய சர்வாதிகாரியக்காரர்’ அரசரின் தலைமை அலுவலர். வங்காளத்தில் அது குடும்பப் பெயராகவே நிலைத்தது. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று போற்றப்படும் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கியவர். இந்தப் பதவியை வகித்தவர்கள் எல்லாருக்கும் மேலே ஓர் அரசர் இருந்தார். ‘சர்வ’ என்றது எல்லாத் துறைகளையும் குறித்தது. நினைத்தபோது பதவியிலிருந்து இறக்க ஒருவர் இருந்தார்.

இந்தப் பழைய பட்டத்துக்குப் புதுப் பொருள் ஏறியது 1930களில். சட்ட மறுப்பு இயக்கத்தின்போது காங்கிரஸ் கமிட்டிகளைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. கூடிப் பேசித் தீர்மானம் போட வழியில்லை. ஆகவே ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்தார்கள். அவர் கைதானால் அடுத்தவர். அவரை ஆங்கிலத்தில் டிக்டேட்டர் என்றார்கள், தமிழில் சர்வாதிகாரி. திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசிலும் 1938இல் இதே முறைதான். தலைவர்கள் பதினொரு பேர் அடுத்தடுத்துச் சிறை போன பிறகு அக்கம்மா செறியான் பொறுப்பேற்று, அந்த அக்டோபரில் அரண்மனையை நோக்கி மக்களைத் திரட்டிச் சென்றார்.

அதே ஆண்டில் சென்னையில் அந்தப் பட்டம் காங்கிரசுக்கு எதிராகவே திரும்பியது. முதலமைச்சர் ராஜாஜி 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். பெத்துநாயக்கன்பேட்டை இந்து தியாலஜிக்கல் பள்ளி வாசலில் மறியல் நடந்தது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு சர்வாதிகாரி. அவர் தொண்டர்களோடு வந்து வாசலில் நிற்பார், முழக்கமிடுவார், கைதாவார். அடுத்த சர்வாதிகாரியின் பெயர் அறிவிக்கப்படும். சி.டி. நாயகம் போன்ற கல்வியாளர்கள் இந்தப் பட்டத்தோடு சிறை சென்றார்கள். போலீஸ் வண்டியின் கதவு மூடும்வரைதான் அந்தச் சர்வாதிகாரம். அதில் கிடைத்தது சிறைவாசம் மட்டுமே. நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் 1939இல் சிறையிலிருந்தபடியே உயிரிழந்தார்கள். கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

மறியல்காரர்கள்மீது ராஜாஜி அரசு பாய்ச்சியது கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். சில ஆண்டுகளுக்கு முன் காங்கிரஸ் தொண்டர்களைச் சிறைக்கு அனுப்பிய அதே சட்டம். எதிர்க்கட்சியாக இருக்கையில் கொடுமை என்று தோன்றிய கருவி, ஆட்சிக்கு வந்ததும் கைக்கு வசதியாகப்பட்டது. எந்தக் கட்சியிலும் சர்வாதிகாரத்தின் மேல் சாய்வு தொடங்கும் இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

டிக்டேட்டர் என்ற ரோமானியச் சொல்லின் கதையும் இதே தடத்தில் சென்றது. போர் போன்ற நெருக்கடிக்காக நியமிக்கப்படும் அவருக்கு உச்சவரம்பு ஆறு மாதம். கி.மு. 82இல் சுல்லா காலவரம்பின்றி அந்தப் பதவியை ஏற்றார். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் வாழ்நாள் டிக்டேட்டர் ஆனார். எல்லை உதிர்ந்ததும் அந்தச் சொல் அச்சம் தருவதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் முசோலினியும் ஹிட்லரும் அந்த அச்சத்தை உலகம் முழுவதற்கும் கொண்டுபோனார்கள்.

அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார்? ஜெர்மனியில் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி நிலவுடைமையாளர்களும் முடியாட்சி விசுவாசிகளும் நிறைந்த பழமைவாதக் கட்சி. 1924 டிசம்பர்த் தேர்தலில் ஏறக்குறைய 20 விழுக்காடு வாக்கு வாங்கியிருந்தது. 1928இல் பத்திரிகை அதிபர் ஆல்ஃபிரட் ஹூகன்பெர்க் தலைமைக்கு வந்தார். நிதானமாகப் பேசியவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 1930இல் வாக்கு 7 விழுக்காட்டுக்கு இறங்கியது. சொந்தச் செல்வாக்கு சரியச் சரிய, ஹிட்லரின் கூட்டத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை வளர்ந்தது. 1931 அக்டோபரில் ஹார்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் ஒரே மேடை ஏறின. 1933 ஜனவரி 30 அன்று அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூவரே. மற்றவர்கள் பெரும்பாலும் பழமைவாதிகள். கடிவாளம் நம் கையில் இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் உரிமையை 444க்கு 94 என்ற வாக்கில் ஹிட்லரிடம் ஒப்படைத்தது. ஜூன் மாதம் முடிவதற்குள் ஹூகன்பெர்க்கின் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

இந்தியாவிலும் அந்த மோகம் எட்டிப் பார்த்தது. இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ். மூஞ்சே 1931 மார்ச்சில் ரோம் நகரில் முசோலினியைச் சந்தித்தார். சிறுவர்களுக்கு இராணுவப் பயிற்சி தந்த பலில்லா அமைப்பைப் பார்த்து வியந்து, தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் முயற்சியில் 1937இல் நாசிக்கில் போன்சலா இராணுவப் பள்ளி உருவானது. அதே 1937 நவம்பரில், கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ இதழில் ‘சாணக்கியன்’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஜவாஹர்லால் நேருவின் செல்வாக்கு அவரைச் சர்வாதிகாரியாக்கிவிடக்கூடும், எச்சரிக்கையாக இருங்கள் என்றது அது. எழுதியவர் நேருவேதான். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதையே பொது விதியாகச் சொன்னார்: சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி வீழ்ச்சிக்கும், முடிவில் சர்வாதிகாரத்துக்கும் வழி.

சிறை செல்வோரின் பட்டமாக இருந்த சொல் கொடுங்கோலனுக்குப் பெயராகிவிட்டதை 1951இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘சர்வாதிகாரி’ படம் காட்டுகிறது. எம்.ஜி.ஆர். கதாநாயகன், அதிகார வெறி நம்பியாருக்கு. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தபோது தமிழர்கள் இந்தச் சொல்லின் புதுப் பொருளை அனுபவித்தே அறிந்தார்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது; மிசா சட்டத்தில் கைதானவர்களால் சென்னைச் சிறை நிறைந்தது. நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தியின் காங்கிரஸ் பழமைவாதக் கட்சி இல்லை. நோய் எந்தக் கொடிக்கும் வரும் என்பதற்கு அது சாட்சி. அதே வேளையில், ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான மினு மசானி, தன் இதழின்மீது விழுந்த தணிக்கையை எதிர்த்து வழக்காடி 1976இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார். பழமைவாதி என்றால் யார் என்பதற்கு அந்த வழக்கு நல்ல விளக்கம். காக்க வேண்டியவற்றில் முதலாவது, அதிகாரத்துக்கு இடப்பட்ட வரம்பு.

இன்று யாரும் தன் தலைவரைச் சர்வாதிகாரி என்று புகழ்வதில்லை. அந்த வேலையை வேறு சொற்கள் செய்கின்றன: இரும்பு மனிதர், வலிமையான தலைமை, கண்டிப்பான ஆள். நாடாளுமன்றமும் நீதிமன்றமும் குறுக்கிடாத வலிமையான தலைவரின் ஆட்சி நல்லது என்று பியூ ஆய்வு மையத்திடம் சொன்ன இந்தியர்கள் 2017இல் 55 விழுக்காடு. 2023இல் 67 விழுக்காடு. ஜமுனாமரத்தூர் டீக்கடை ஒன்றில் கட்சித் துண்டு போட்ட இளைஞர் ஒருவர், “நம்ம ஜனத்துக்கு மிலிட்டரி ஆட்சிதான் சரிப்பட்டு வரும்” என்றார். பக்கத்தில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: “மிலிட்டரிக்காரன் தப்புப் பண்ணா எங்க போயிச் சொல்லுவ தம்பி?” இளைஞரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி அனுபவத்தில் பிறந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. கண்டிப்பான கை யார்மீது முதலில் விழும் என்று மலைக்கு நன்றாகத் தெரியும்.

நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறை சென்ற ஜனசங்கத்தின் வழிவந்தது பாரதிய ஜனதா கட்சி. ஜனநாயகத்தை அளவிடும் ஸ்வீடனின் வி-டெம் நிறுவனம், அந்தக் கட்சி ஆண்ட இந்தியாவை 2021இல் தேர்தல்வழி எதேச்சாதிகாரம் என்று வகைப்படுத்தியது. மத்திய அரசு அதை முற்றாக மறுத்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் தரவரிசையை ஒதுக்கிவிடலாம். வீட்டுக்குள் எழுந்த குரலை ஒதுக்க முடியாது. 2015 ஜூனில், நெருக்கடி நிலையின் 40ஆம் ஆண்டையொட்டி அளித்த பேட்டியில் எல்.கே. அத்வானி, ஜனநாயகத்தை நசுக்கக்கூடிய சக்திகள் வலுவாக இருக்கின்றன, அப்படி ஒரு நிலை திரும்ப வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கட்சியைக் கட்டி வளர்த்தவர் சொன்னதை அந்தக் கட்சி தன் பொதுக்குழுவில் வைத்து விவாதித்திருக்க வேண்டும். எதிர்க்கட்சிகளுக்கும் இது பொருந்தும். தலைவர் பெயரை முன்மொழிந்ததும் போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துக் கைதட்டும் வழக்கம் தமிழகக் கட்சிகளிலும் வேரோடியிருக்கிறது.

பழமையைப் போற்றும் கட்சியில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. உங்கள் தலைவருக்கு எந்தப் பட்டம் வேண்டுமானாலும் கொடுங்கள். அதோடு காலவரம்பையும், கணக்குக் கேட்கும் சபையையும், தடுக்கும் நீதிமன்றத்தையும், எழுதும் பத்திரிகையையும் சேர்த்தே காப்பாற்றுங்கள். ஹூகன்பெர்க்கின் கட்சியில் நிதானமாகப் பேசியவர்களை வெளியேற விட்டபோதே அந்தக் கட்சியின் முடிவு தொடங்கிவிட்டது. மறுத்துப் பேச எழுந்த உறுப்பினரை உட்காரச் சொல்லாத கட்சியில் சர்வாதிகாரி வளர முடியாது.